பிசிறு வெட்டிய வரவேற்பு

சிவசுப்பிரமணியத்துக்கு அறுபத்தொன்பதாவது வயதில் பொறாமை வந்தது. அதற்கு முன்பும் வந்திருக்கிறது. ஆனால் அவையெல்லாம் வெளியாள்கள் மேல் வந்தவை. கூடவே வேலைக்குச் சேர்ந்து பிறகு சொந்தமாக யூனிட் வைத்தவன் மேல், கண்புரை ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாளே கண்ணாடி இல்லாமல் பேப்பர் படித்துக் காட்டிய எதிர்வீட்டுக்காரர் மேல், இப்படி. இந்தத் தடவை வந்தது கட்டிய மனைவி மேல். வெளியாள் மேல் பொறாமை என்றால் வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்பி ஆற்றிக்கொள்ளலாம். மனைவி மேலேயே வந்துவிட்டால் எங்கே போய்ப் புலம்புவது?

அவர் முப்பத்து நான்கு வருடம் பனியன் கம்பெனிகளில் செக்கிங்கில் இருந்தவர். டியூப்லைட்டுக்குக் கீழே மேஜை, மேஜை மேல் மலையாக டீசர்ட். ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்த்து, தையல் விட்ட இடத்தில், எண்ணெய்க் கறை பட்ட இடத்தில், சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டுவது வேலை. அம்பு எங்கே காட்டுகிறதோ அங்கே தப்பு. ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அவர் சட்டைப் பையில் ஒரு ஷீட் ஸ்டிக்கர் இருக்கும். வீட்டில் பிரிட்ஜ் கதவு, குளியலறைக் குழாய், பேரன் பரணியின் மார்க் ஷீட் என்று அம்பு படாத இடம் குறைவு. முருகன் படத்துக்கு மட்டும் ஒட்டவில்லை. படம் சற்றுச் சாய்ந்துதான் மாட்டியிருக்கிறது; ஆனாலும் சஷ்டி விரதம் இருக்கிறவர், விட்டுவிட்டார்.

போன மே மாதம் நல்லூரில் ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடத்தின் தாளாளர், விடுமுறையில் கட்டடம் சும்மாதானே கிடக்கிறது என்று, அறுபது தாண்டியவர்களுக்கு ஒரு மாதக் கோடை வகுப்பு அறிவித்தார். காலை பத்திலிருந்து பன்னிரண்டரை வரை. மூச்சுப் பயிற்சி, செல்போன், பேச்சு இந்தி. இந்தி எதற்கென்றால், தெருவில் பாதிப் பேர் அதைப் பேசுகிறார்கள், மீதிப் பாதி புரியாமல் தலையாட்டுகிறார்கள். தலையாட்டுகிறவர்களுக்குக் கழுத்து வலி வருகிற வயது.

சிவசுப்பிரமணியம் அங்கே படிக்கப் போகவில்லை. சொல்லிக்கொடுக்க ஆள் தேவைப்படும் என்று போனார். செக்கிங்கில் கடைசிப் பத்து வருடம் அவருக்குக் கீழே இருந்தவர்கள் முக்கால்வாசி வடநாட்டுப் பையன்கள். அவர்களை இந்தியிலேயே வேலை வாங்கியவர் அவர். பார்க்கிறவர்களிடமெல்லாம் "படிக்கறதுக்கு வயசு ஏதுங்க" என்றார். மனைவி பழனியம்மாளிடம் மட்டும், "உனக்கெதுக்கு அம்மிணி அதெல்லாம்? சரி, ஊட்டுல ஒத்தையில உக்கோந்து என்ன பண்ணப்போற. தண்ணி பாட்டல எடுத்துட்டுக் கூட வா" என்றார். ஐந்தாம் வகுப்போடு நின்ற பழனியம்மாள் இரண்டு லிட்டர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்.

இருபத்திரண்டு பேர் மூன்றாம் வகுப்புப் பெஞ்சில் முழங்காலை மடக்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். இந்தி டீச்சர் பிரிசில்லா, தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், கணவருக்கு இங்கே கம்பெனி வேலை என்பதால் வந்தவர். முதல் நாளே புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.

"உங்க வீட்டுக்கு ஒரு வடநாட்டுப் பையன் வாரான்னு வைங்க. அவன உள்ள கூப்பிட்டு உக்கார வைக்கணும். யாரு மொதல்ல சொல்லுதீங்க?"

சிவசுப்பிரமணியம் எழுந்தார். தொண்டையைச் செருமினார். "ஏய், இதர் ஆவ்! ஜல்தி ஜல்தி! சீதா பைட்டோ! பாத் மத் கரோ!"

இங்கே வா, சீக்கிரம் சீக்கிரம், நேராக உட்கார், பேசாதே. ஒரு தப்பில்லை. ஓட்டமும் தடங்கலில்லாத ஓட்டம். வகுப்பில் இரண்டு பேர் கைதட்டக்கூடச் செய்தார்கள்.

பிரிசில்லா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஐயா, வீட்டுக்குக் கூப்பிட்டீங்களா, போலீசுக்குப் புடிச்சுக் குடுத்தீங்களா?" என்றார்.

பின்பெஞ்சில் தவசி வாய்விட்டுச் சிரித்தார். சங்கரன்கோவில்காரர், அயர்ன் மாஸ்டராக இருந்து ஓய்ந்தவர். "அண்ணாச்சி கூப்பிட்ட கூப்புக்கு அந்தப் பய அடுத்த ரயிலப் புடிச்சிருப்பாம்லா!"

அடுத்து பிரிசில்லா பெண்கள் பக்கம் திரும்பினார். யாரும் எழவில்லை. பழனியம்மாள் பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, உட்கார்ந்தபடியே பேசினார். வாங்க, இந்தப் பக்கம் உட்காருங்கள், அங்கே ஃபேன் காற்று வராது. அம்மா போன் பண்ணினார்களா? தம்பிக்குக் காய்ச்சல் என்றீர்களே, விட்டதா? எங்கள் வீட்டில் கடுகெண்ணெய் இல்லை, கடலை எண்ணெய்தான், உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா? இவ்வளவையும் இந்தியில் சொன்னார். இடையில் ஒரு தடவை வார்த்தை கிடைக்காமல் கையை ஆட்டினார். அந்தக் கையாட்டல்கூட இந்தியாகத்தான் இருந்தது.

பிரிசில்லா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டார். சிவசுப்பிரமணியம் பையிலிருந்த ஸ்டிக்கரைத் தடவிப் பார்த்துக்கொண்டார். ஒட்ட இடமில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது பாதி வழிவரை ஸ்டிக்கர் ஷீட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தார். பிறகு கேட்டார்.

"எங்க படிச்ச?"

"எங்கீங்க படிச்சேன்? பொறத்தால பைப்புல தண்ணி புடிக்கறப்ப, அந்த லைன் ஊட்டு வடநாட்டுப் புள்ள ரேகா கூடப் பேசறதுதானுங்க."

"எத்தன வருசமா?"

"ஆறு வருசம் இருக்குமுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லுல?"

"நீங்க தண்ணி புடிக்க வரவே இல்லீங்களே."

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. பழனியம்மாள் சமைத்தது என்பதால் இறங்கவில்லை. நன்றாக இருந்தது என்பதால் இன்னும் இறங்கவில்லை. வகுப்பில் செல்போன் பாடத்துக்காக ஒரு வாட்ஸப் குழு தொடங்கினார்கள். பழனியம்மாள் அதில் இந்தியில் நாலு வார்த்தை பேசி அனுப்பினால் பதினேழு கட்டைவிரல் விழும். அவர் அனுப்பிய முருகன் படத்துக்கு மூன்று. அதில் ஒன்று பழனியம்மாள் போட்டது. அந்த ஒன்றைக் கழித்தே கணக்கு வைத்துக்கொண்டார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மூன்றாவது வாரம் டீக்கடையில் யாரோ ஒருவர் இவரைக் காட்டி, "இவுருதானுங்க நம்ம இந்தி பழனியம்மா ஊட்டுக்காரரு" என்று அறிமுகப்படுத்தினார். ஊரில் அவர் செக்கிங் மணியம். ஏழு கம்பெனியில் அந்தப் பெயரைக் கேட்டுத் தையல்காரர்கள் ஊசியைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பெயரை ஒரு தண்ணீர்க் குழாய் அடித்துக்கொண்டு போய்விட்டது.

வகுப்பு முடியும் ஞாயிற்றுக்கிழமை ஒரு சின்ன விழா வைப்பதாக ஏற்பாடு. தெருவில் தங்கி வேலை செய்கிற வடநாட்டுத் தொழிலாளிகள் நாற்பது பேரைக் கூப்பிட்டு, சாப்பாடு போட்டு, வகுப்பில் ஒருவர் இந்தியில் வரவேற்றுப் பேச வேண்டும். யார் என்று பிரிசில்லா யோசிக்கவே இல்லை. "பழனியம்மாக்காதான்" என்றுவிட்டார். சிவசுப்பிரமணியத்துக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்றாகச் சுருங்கியது. அந்த மைக் தன் கையில் இருக்க வேண்டும். பழனியம்மாள் கீழே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அதற்காக அவர் செய்தது ஒன்றும் பெரிதில்லை. பேச்சை நிறுத்தினார். காபி கொடுத்தால் வாங்கிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். மாத்திரை போட்டீங்களா என்றால் தலையை மட்டும் அசைத்தார். இப்படி நான்கு நாள். ஐந்தாம் நாள் வகுப்பில் பழனியம்மாள் எழுந்து நின்றார்.

"டீச்சர், அவுரே பேசட்டுங்க. எனக்குக் கூட்டத்துல நின்னா கை நடுங்குமுங்க."

பொய். ஆவி பறக்கிற இட்லிக் குண்டானை வெறும் முந்தானையைப் பிடித்து இறக்குகிற கை அது. நடுங்கி யாரும் பார்த்ததில்லை. சிவசுப்பிரமணியத்துக்கு அது நன்றாகத் தெரியும். தோற்கடித்து வாங்க நினைத்ததை அவள் தானமாகக் கொடுத்துவிட்டாள். அதற்கும் சேர்த்துப் பொறாமை வந்தது. விட்டுக்கொடுப்பதில்கூட இவள்தான் முதலா?

"எழுதி வெச்சிருக்கறனுங்க, அதயே பாத்துப் படிச்சுருங்க" என்று பழனியம்மாள் தன் நோட்டை நீட்டினார். தமிழ் எழுத்தில் இந்தி. முப்பத்தோரு வரி.

"எனக்கெதுக்கு உன்ற நோட்டு?" என்றார் அவர். அம்மிணி காய் வாங்கப் போனதும் எடுத்துப் பிரித்தார்.

இங்கேதான் முப்பத்து நான்கு வருடத் தொழில் குறுக்கே வந்தது. தைத்து வரும் துணியில் ஓரங்களில் நூல் தொங்கும். அதற்குப் பிசிறு என்று பெயர். பிசிறோடு ஒரு பீஸ் பெட்டிக்குள் போனால் சரக்கு வாங்குகிற பையருக்கு முன்னால் மானம் போகும். பழனியம்மாளின் வரவேற்பைப் பார்த்தால் முழுக்கப் பிசிறு. உங்கள் ஊரில் மழை எப்படி? அம்மாவிடம் பேசினீர்களா? வெயிலில் வந்திருப்பீர்கள், முதலில் மோர் குடியுங்கள். உப்பு அதிகமாக இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். வரவேற்புக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம்? அம்பு ஒட்டிக்கொண்டே போனார். ஒட்டிய வரியெல்லாம் வெட்டினார். வஞ்சத்தில் வெட்டினாரா, தொழில் பக்தியில் வெட்டினாரா என்று கேட்டால் அவருக்கே பதில் தெரிந்திருக்காது. கடைசியில் ஏழு வரி மிஞ்சியது. வாருங்கள், உட்காருங்கள், சாப்பிடுங்கள், போய்வாருங்கள். துணியாக இருந்தால் அப்படியே மடித்துப் பெட்டியில் வைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு நாற்பது பேரும் வந்து, சீவிய தலையும் தேய்த்த சட்டையுமாக, ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் மோர் டம்ளர். சிவசுப்பிரமணியம் வெள்ளை வேட்டியில் மேடையேறி மைக்கைப் பிடித்தார். முதல் வரிசையில் பழனியம்மாள் கீழே உட்கார்ந்திருந்தார். கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது.

அவர் பேசினார். ஏழு வரியும் மனப்பாடம்தான். ஆனால் அவருடைய இந்திக்கு இருந்தது ஒரே ஒரு குரல், செக்கிங் மேஜைக்குப் பின்னாலிருந்து நாற்பது அடி தூரத்துக்குப் போகிற குரல். மைக் அதை நானூறு அடியாக்கியது. "ஆவ்! பைட்டோ! கானா காவ்!" நான்காவது வரிக்குப் போகையில் பதற்றத்தில் மீதியெல்லாம் மறந்து, நாக்கு பழைய தடத்தில் ஓடியது. "லைன் மே! ஜல்தி ஜல்தி!" வரிசையில் நில், சீக்கிரம்.

மூன்றாவது வரிசையில் மனோஜ் என்று ஒருவன், அவருக்குக் கீழே நான்கு வருடம் வேலை பார்த்தவன், சட்டென்று எழுந்து நின்றான். அவனைப் பார்த்துப் பக்கத்திலிருந்தவன். பிறகு வரிசை வரிசையாக. யாரும் யோசித்து எழவில்லை, உடம்பு எழுந்தது. இரண்டு பேர் போனைப் பைக்குள் ஒளித்தார்கள். ஒருவன் மோர் டம்ளரை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். ஒரு நிமிஷத்துக்குள் நாற்பது விருந்தாளிகளும் சுவரோரமாக ஒற்றை வரிசையில் நின்று, அடுத்த உத்தரவுக்குக் காத்திருந்தார்கள்.

"சோலி முடிஞ்சுது" என்று தவசி மெதுவாகச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

சிவசுப்பிரமணியம் மைக்கோடு நின்றார். நாற்பது முகமும் ஒரு கோடாக, ஒரு அம்பாக, அவரையே காட்டிக்கொண்டு நின்றன. வாய் திறந்தால் இன்னொரு உத்தரவுதான் வரும் என்று தெரிந்தது. அவரிடம் வேறு இந்தி இல்லை.

அவர் படி இறங்கினார். முதல் வரிசைக்குப் போனார். மைக்கைப் பழனியம்மாளிடம் கொடுக்கவில்லை. தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, அவர் வாய்க்கு முன்னால் நீட்டினார்.

"கை நடுங்கும்னு சொன்னயே" என்றார். "நான் புடிச்சுக்கறேன். நீ பேசு."

பழனியம்மாள் அவர் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்து, மழையிலிருந்து தொடங்கினார். அம்மா வந்தாள், மோர் வந்தது, உப்பு வந்தது. உப்பு வந்த இடத்தில் மனோஜ் சிரித்தான். சிரிப்பு வரிசையில் பரவியது. ஒவ்வொருவராக நாற்காலிக்குத் திரும்பினார்கள். முப்பத்தோரு வரியும் முடிய ஆறு நிமிஷம் ஆனது. சிவசுப்பிரமணியத்துக்குத் தோள்பட்டை கடுத்தது, கை மாற்றவில்லை. மாற்றினால் எடுக்கிற போட்டோவில் பழனியம்மாள் முகம் மறைந்துவிடும்.

போட்டோ அன்று சாயங்காலமே குழுவில் வந்தது. இருபத்தொரு கட்டைவிரல். மைக் பிடித்த கை யாருடையது என்று பார்த்தால், பாதி தனக்குச் சேரும் என்று பத்தரையாகப் பிரித்து வைத்துக்கொண்டார்.

அடுத்து தண்ணீர் வந்த நாள், பழனியம்மாள் பூப்பறித்துக்கொண்டிருந்த நேரத்தில், அவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்பக்கக் குழாய்க்குப் போனார். ஆறு வருடப் பாடத்தை எங்கே இருந்து தொடங்குவது என்று வழியெல்லாம் யோசித்தார். ரேகா ஏற்கெனவே அங்கே நின்றாள். அவர் குடத்தை இறக்கி, தலையை ஒதுக்கி, குரலையும் முடிந்தவரை இறக்கி, இந்தியில் ஏதோ தொடங்க வாயெடுத்தார்.

"ஏனுங்கய்யா, நீங்க வந்துட்டீங்க?" என்றாள் ரேகா. "அம்மாவுக்கு ஒடம்பு சரியில்லீங்களா? கொடத்த இப்படி வையிங்க, நான் புடிச்சுத் தாரனுங்க."

பிசிறு ஒன்றுகூட இல்லாத கொங்குத் தமிழ். அதைச் சொல்லிக்கொடுத்தது யார் என்று அவர் கேட்கவில்லை. குடம் நிரம்பி வழிந்து வேட்டி நனைகிறவரை அப்படியே நின்றார்.