உப்பெடுத்த மாண்டலின்

ஈரப் பலகையைச் சீவும் வாசம் வந்தால் எனக்குக் கருவாடும் சேர்ந்தே ஞாபகம் வரும். சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் எங்கள் நானா, அதாவது அண்ணன், மாண்டலின் செய்த நாட்களில் புத்தளம் தில்லையடி வீட்டில் இரண்டும் ஒன்றாகத்தான் மணந்தன.

வாப்பா மன்னாரில் இருந்த காலத்தில் கல்யாண வீடுகளில் மாண்டலின் வாசித்தவராம். தொண்ணூறில் எங்கள் முஸ்லிம் சனம் முழுக்க ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது அது சுவரில், ஆணியில் தொங்கியபடியே நின்றுவிட்டது. புத்தளத்து உப்பளத்தில் மூட்டை சுமந்து எங்களை வளர்த்தவர், சண்டை முடிந்த பிறகு பஸ் ஏறிப் போய் அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தார். சுவரும் இல்லை, ஆணியும் இல்லை. அதிலிருந்து அவருடைய கதை பேச்சு குறைந்துபோனது. எதைக் கேட்டாலும் "ஓம்", "இல்ல" என்பதோடு சரி. நாங்களும் வீட்டுக்குள் சத்தம் போடாமல் நடமாடப் பழகிக்கொண்டோம்.

சிலாபத்து மரத் தளபாடக் கடையொன்றில் தச்சு வேலை பழகிக்கொண்டிருந்த நானா, வாப்பாவை மறுபடி வாசிக்கவைத்தே தீருவதென்று கிளம்பினார். அங்கே பாட்டுக் கச்சேரிக்காரர் ஒருவரின் மாண்டலினை அளவெடுத்து வந்தார். பலகைக்கு, வாப்பா வேலை செய்த உப்புப் பண்டகசாலையில் கழற்றிப்போட்டிருந்த பழைய கதவைக் கேட்டு வாங்கினார். "உப்பு ஊறின பலகையில கறையான் ஏறாது" என்று பெருமை வேறு. சைக்கிள் சில்லுக் கம்பிகளை வெட்டிக் கழுத்தில் குறுக்கே பதித்ததும், பிரேக் கம்பியைப் பிரித்தெடுத்துத் தந்தியாக்கியதும் அவருடைய சொந்த மூளை. என்ன கை அது!

மாரி தொடங்கிய ஒரு பின்னேரம் வாப்பாவிடம் அதைக் கொடுத்தார். வாங்கிய வாப்பாவின் விரல்கள் நனைந்தன. மழையீரத்துக்கு உப்புப் பலகை வேர்த்திருந்தது. தந்தியை முறுக்க முறுக்கப் பசை விட்டு, முகப்புப் பலகை "படக்"கென்று கிளம்பி எழும்பியது. வாப்பா அதைக் கதிரையில் வைத்தார்.

"எனக்கு இது அமையல்ல, மகன். விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு மஃரிப் தொழுகைக்குப் போய்விட்டார். நானாவின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த உம்மா, பலகையை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார். "உப்பெடுக்காத கருவாட்ட ஆணம் வெச்சா வாயில வெக்கேலுமா? ஊறப் போடுங்க, மகன்." நானா வாளியோடு கிணற்றடிக்கு ஓட, "கெணத்துத் தண்ணியே உப்புச் சவர்! மழத் தண்ணியில போடுங்க" என்று அடுத்த அதட்டல். நானா மாண்டலினைப் பிரித்தெடுத்த பலகைகள், கூரைத் தண்ணீர் பிடித்த பீப்பாயில் ஊறின. உம்மா வந்து வந்து ருசி பார்ப்பார், முகத்தைச் சுளிப்பார், தண்ணீரை மாற்றச் சொல்வார். பலகையை நக்கிப் பதம் சொன்ன பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் தலையாட்டிய பிறகுதான் நானா அவற்றின் மேல் கல்லேற்றி நிழலில் காயவைத்தார். மாரி முடிந்து காய்ந்ததும், முகம் கோணாமல் முதலிலிருந்து தொடங்கினார்.

இந்த முறை பலகை தாங்கியது. வாப்பா சும்மா தொட்டுப் பார்ப்பவர்போல எடுத்து, சுதி கூட்டி, ஒரு கல்யாணப் பாட்டைத் தொடங்கி, நடுவில் நின்றுபோனார். விரல்களுக்கு மறந்துவிட்டது. அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த உம்மா, கையை நிறுத்தாமலே அடுத்த அடியை முணுமுணுத்தார். அவர் பாடி எங்களில் யாரும் அதுவரை கேட்டதில்லை.

வாப்பா திரும்பிப் பார்த்தார். "ஒனக்கு இன்னும் ஞாபகமிருக்கா?"

அன்று எங்கள் வீட்டில் வெகுநேரம் கதை நடந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

இன்று வாப்பா இல்லை. அந்தப் பண்டகசாலையும் இல்லை, அந்தக் கிணறும் தூர்ந்துவிட்டது. மாண்டலின் மட்டும் நானாவின் சிலாபத்து வீட்டுச் சுவரில், ஆணியில் தொங்குகிறது. அவ்வளவு ஊறவைத்தும், மாரி வந்தால் அதன் முதுகு இன்னும் இலேசாக வேர்க்கும். உம்மா முந்தானையால் துடைத்துவிட்டு, பழைய பழக்கத்தில் விரலை நாக்கில் வைத்துப் பார்ப்பார்.

"இன்னும் போகல்லையா, உம்மா?" என்று கேட்டால், "ஒங்கட வாப்பா சொமந்த உப்பு, அவ்வளவு லேசாப் போகுமா?" என்பார்.