நத்தையின் கடைசிச் சொட்டு

சாப்பாட்டு டப்பாக்களைக் கழுவுவது அந்த வீட்டில் அண்ணியின் வேலை. யாரும் கொடுத்ததில்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. புருஷனுடையது முதலில், தன்னுடையது அடுத்து, நாத்தனாருடையது கடைசியில். நாத்தனார் டப்பாவில் மிச்சம் மீதி காய்ந்து சிமெண்ட் மாதிரி பிடித்திருக்கும். சுரண்டும்போதெல்லாம் அண்ணி சொல்வது ஒன்றுதான்: "டாக்டரம்மாவுக்குக் குழாயைத் திறக்கத் தெரியாது."

டாக்டரம்மா இன்னும் டாக்டர் ஆகவில்லை. பல்கலைக்கழகத்தில் நத்தைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், டி.என்.ஏ.வைப் படித்துக் கொடுக்கும் பொது ஆய்வுக்கூடத்தில் அண்ணிக்கு வேலை. எல்லாத் துறைக்காரர்களும் மாதிரிகளைச் சின்ன டியூப்களில் கொண்டுவந்து ஜன்னலில் கொடுப்பார்கள். வாங்குவது, சரிபார்ப்பது, உள்ளே மெஷின்காரரிடம் சேர்ப்பது, முடிவை அனுப்புவது எல்லாம் அவள். மாணவர்கள் வைத்த பெயர் ஜன்னல் மேடம். எழுத்து அழிந்த டியூப், மூடி அழுந்தாத டியூப் எதுவும் அவளைத் தாண்டாது. "உன் கையெழுத்தை நீயே படி பார்ப்போம்" என்று திருப்பிக் கொடுப்பாள். அழுதுகொண்டே போனவர்கள் உண்டு. அதற்காக அவள் வருந்தியதாகத் தெரியவில்லை. ஆனால் ஒருவருடைய மாதிரி சரியாக வரவில்லை என்றால், ஏன் வரவில்லை என்று போன் போட்டுச் சொல்லிவிடுவாள். திட்டிக்கொண்டேதான் சொல்வாள். சொல்லாமல் விட்டதில்லை.

அவளும் ஒரு காலத்தில் ஆராய்ச்சிக்குப் பதிந்தவள்தான். கல்யாணமான மறு வருஷம் மாமியார் படுத்த படுக்கையானார். மாமியாருக்குத் துணி மாற்றி, ஸ்கூல் போய்க்கொண்டிருந்த நாத்தனாருக்குத் தலை பின்னி, ஆராய்ச்சி எப்போது நின்றது என்றே தெரியாமல் நின்றது. அதைக்கூட விழுங்கிவிட்டாள். போன வருஷம் விருந்தாளிகள் முன்னால் நாத்தனார், "அண்ணியா? கீழே டியூப் வாங்கி வைப்பாங்க" என்று சொன்னாளே, அதுதான் தொண்டையில் நின்றது. அன்றிலிருந்து வீட்டில் இருவருக்கும் பேச்சு அண்ணன் வழியாகத்தான்.

"உங்க தங்கச்சிகிட்ட லைட்டை அணைக்கச் சொல்லுங்க."

"அணைச்சாச்சுன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுண்ணா."

நடுவில் அந்த மனுஷர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

நாத்தனாரின் நத்தை கிடைத்த குளத்தை மூடி, கார் நிறுத்தும் இடமாக்கிவிட்டார்கள். இனி அது கிடைக்காது. கையில் இருந்தது அந்த நத்தையின் டி.என்.ஏ. கொஞ்சம், ஒரே டியூபில். அதைப் படிக்க முடியாவிட்டால் நாலு வருஷ உழைப்பும் போச்சு.

முதல் தடவை முடிவு வரைபடத்தில் ஒன்றுமே இல்லை. ஏறி இறங்க வேண்டிய நான்கு நிறக் கோடுகளும் தரையோடு தரையாகப் படுத்திருந்தன. மெஷின்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "கூட ஓடின மத்ததெல்லாம் நல்லா வந்திருக்கு மேடம். இந்தப் பொண்ணு தண்ணில கரைக்காம பஃபர்ல கரைச்சிருக்கும். சொல்லிடுங்க" என்றார். அந்த பஃபர் கரைசலில் டி.என்.ஏ. ரொம்ப நாள் கெடாமல் இருக்கும். ஆனால் அதில் இருக்கும் ஒரு பொருள், மெஷினில் ஏற்றுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேதிவினையை நடக்கவிடாது. பொத்திப் பொத்தி வைப்பவர்கள் செய்யும் தப்பு அது. அண்ணிக்கும் பார்த்தவுடனே அதுதான் தோன்றியது.

போனை எடுத்தாள். வைத்துவிட்டாள். முடிவு வரவில்லை என்று மட்டும் அனுப்பினாள்.

நாத்தனார் ஜன்னலுக்கு வந்தாள். "உங்க மெஷின் சரியில்லையா?"

"மத்தவங்களுக்கெல்லாம் வந்திருக்கே."

"அப்ப கை சரியில்லை."

"யார் கைன்னு நல்லா பார்த்துக்க."

"டியூப் வாங்கி வைக்கிறவங்ககிட்ட இதையெல்லாம் கேட்டு என்ன பிரயோஜனம்? மறுபடி ஓட்டச் சொல்லுங்க."

மறுபடி ஓட்டினார்கள். கோடுகள் மறுபடி படுத்தன. மூன்றாவது முறை நாத்தனார் டியூபைத் தட்டித் தட்டி, அடியில் சேர்ந்த கடைசிச் சொட்டை வேறொரு டியூபுக்கு மாற்றி நீட்டினாள். "இதுக்கு மேல இல்லை" என்றாள். குரலில் சண்டை இல்லை. அண்ணி வாங்கினாள், மூடியை அழுத்திப் பார்த்தாள், ஐஸ் பெட்டியில் வைத்தாள்.

முடிவு கேட்டு நாத்தனார் ஜன்னலில் நின்றபோது, மெஷின்காரர் டீக் கோப்பையோடு அந்தப் பக்கம் வந்தார்.

"என்னம்மா, இந்தத் தடவையும் பஃபர்லதான் குடுத்தியா? முதல் தடவையே மேடம்கிட்ட சொன்னேனே. சொன்னாங்கல்ல?"

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி யாருடைய டியூபையோ வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப தண்ணிக்கு மாத்த முடியாதா சார்?"

"மிச்சம் இருந்தா சுத்தம் பண்ணி மாத்தலாம். இருக்கா?"

இல்லை.

சாயங்காலம் அண்ணி முதல் டப்பாவைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் சமையலறைக்குள் வந்தாள். இந்தத் தடவை அண்ணன் வழியாக இல்லை.

"தெரிஞ்சேதானே செஞ்சீங்க, அண்ணி?"

"நான் என்ன செஞ்சேன்? தண்ணில கரைச்சுக் கொண்டு வாங்கன்னு ஜன்னல்லயே ஒட்டியிருக்கு. படிச்சவளுக்கு அதைப் படிக்கத் தெரியாதா?"

"முகம் தெரியாதவங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்றீங்க."

"டியூப் வாங்கி வைக்கிறவளுக்கு என்னம்மா தெரியும்?"

கூடத்திலிருந்து அண்ணன், "ஒரு நத்தைக்காக ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தார். "நீ பேசாதேண்ணா", "நீங்க சும்மா இருங்க" என்று இரண்டு குரலும் ஒன்றாகப் போய் அவரை அடக்கின. அவர்களுக்குள் ஒற்றுமை அந்த ஒரு விஷயத்தில்தான்.

நாத்தனார் பையிலிருந்து தன் டப்பாவை எடுத்துக் குழாயடியில் பிடித்தாள். காய்ந்ததை நகத்தால் சுரண்டினாள். பழக்கமில்லாத கை, தண்ணீர் சட்டையெல்லாம் தெறித்தது. அண்ணி கையை நீட்டினாள்.

"வை. நான் தேய்ச்சுக்கறேன்."

நாத்தனார் சுரண்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்தக் காலி டியூபைத் தூக்கிப் போட்டுடலையே?" அண்ணியின் குரல் ஜன்னலில் கேட்கிற அதே குரல்தான், கொஞ்சம் அவசரமாக. "உள்பக்கம் ஏதாவது ஒட்டியிருக்கும். நாளைக்குக் கொண்டு வா. பார்க்கலாம்."

நாத்தனார் குழாயை மூடினாள். டப்பாவின் மூடியைச் சரியாக அழுத்தி, ஈரம் சொட்டச் சொட்ட எடுத்துக்கொண்டு, சமையலறையை விட்டுப் போனாள்.