வியாழக்கிழமை நண்பர்கள்

இங்கிலாந்தின் நாரிச் நகரத்து ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் நீலமாக ஓடும். மேல்கரையில் சாயக்காரன் சைலஸ் காஃபின் எந்தத் தொட்டியைத் திறந்துவிட்டானோ அந்த நிறம். பாய்ப்படகில் நிலக்கரி ஏற்றி வரும் ஏமஸ் லார்ட்டர், தண்ணீரைப் பார்த்தே நண்பனின் அன்றைய வேலையைச் சொல்லிவிடுவான்.

ஏமஸ் பக்தன். ஆற்றங்கரைச் சிற்றாலயத்தில் பாட்டை எடுத்துக்கொடுப்பவன் அவன்தான். சைலஸுக்குக் கடவுளே கிடையாது. மூன்றாமவர் எலியேசர், மூக்குக்கண்ணாடி விற்கும் யூதர், வயதில் மூத்தவர். வாரம் ஒருமுறை மூவரும் கூட வேண்டும்; ஆனால் ஓய்வுநாளான சனிக்கிழமை எலியேசருக்கு ஆகாது, ஞாயிறு ஏமஸுக்கு ஆகாது. "எனக்கு எல்லா நாளும் ஒண்ணுதான், நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்று சைலஸ் சொல்ல, வியாழன் பிற்பகல் என்றானது.

கோரைகளுக்கு நடுவே படகைக் கட்டிவிட்டு, தண்ணீரின் அசைவில் அரைத்தூக்கமாகப் பேசிக் கிடப்பார்கள்.

"சொர்க்கத்துல ஆறு இருக்காமே. அங்கயும் கரி சுமப்பியாடா?" என்று சைலஸ் கேட்டான்.

"சுமப்பேன். நீ சாயம் கலக்காம இருந்தா தண்ணியாவது நல்லா இருக்கும்."

"அவன்தான் அங்க வரமாட்டானே" என்றார் எலியேசர், வீட்டிலிருந்து கொண்டுவந்த முட்டையை உரித்தபடி. "என்னையும் விடுவாங்களான்னு தெரியல. நீ ஒத்தையாத்தான் சுமக்கணும்."

ஏமஸ் சிரித்தான். பிறகு வெகுநேரம் மேகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்படியொரு சொர்க்கம் அவனுக்குப் பிடிக்கவில்லை.

1817 இலையுதிர்காலத்தில் சபை மூப்பர் ஹார்மர் அவனை அழைத்தார். "அந்த நாத்திகனோட சகவாசத்தை விடு. இல்லன்னா உன் உறுப்பினர் சீட்டைத் திருப்பிக் கொடுத்துடு." சீட்டு இல்லாதவன் சபையில் பாட முடியாது.

ஏமஸ் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் அந்த வியாழன் சுக்கான் பிடிக்கும்போது அவன் வாயிலிருந்து ஒரு பாட்டும் வரவில்லை. சைலஸ் விடாமல் கிளறி விஷயத்தைக் கறந்துவிட்டான்.

"அவ்வளவுதானே? ஞாயித்துக்கிழமை நான் வரேன். முட்டி போடுறேன். நம்புறேன்னு சொல்லிடுறேன். உன் பாட்டுக்காக ஒரு பொய். இப்ப என்ன குறைஞ்சுபோச்சு?"

எத்தனை வருடங்களாக ஏமஸ் இதற்காகத்தான் ஜெபித்திருக்கிறான்! நீலம் ஏறிய அந்தக் கைகள் முன்வரிசையில் கூப்பியிருப்பது கனவுபோல் கண்ணுக்குள் வந்து நின்றது. சரி என்று ஒரு சொல் போதும்.

"வேணாம் சைலஸ்" என்றான் கடைசியில். "நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. எங்க சாமி முன்னாடி வந்து அதை ஆரம்பிக்காத."

எலியேசர் கண்ணாடியைத் துடைத்தார். "ரெண்டு பேருக்கும் வியாபாரம் தெரியல" என்றார்.

சீட்டைத் திருப்பிக் கொடுத்த பிறகு வந்த முதல் ஞாயிறு, ஏமஸ் சிற்றாலயத்துக்கு எதிரே மூடுபனியில் நின்றான். உள்ளே பாட்டைச் சுருதி தூக்கலாக எடுத்துவிட்டார்கள். மேலே போக முடியாமல் குரல்கள் உடைந்தன. அவன் கால் தானாக வாசல் வரை போய்த் திரும்பியது. அதன்பின் நாலு வருடம் தன் பாட்டையெல்லாம் அவன் ஆற்றில்தான் பாடினான்.

ஹார்மர் வேறு ஊருக்குப் போனபின், புதிய மூப்பர் படகுத்துறைக்கே வந்தார்.

"வியாழக்கிழமையை மட்டும் கேக்காதீங்க ஐயா" என்றான் ஏமஸ்.

"நான் எதையும் கேக்க வரல. நீங்க இல்லாம பாட்டு ஓடவே மாட்டேங்குது. வாங்க."

அந்த ஞாயிறு பாடி முடித்து வெளியே வந்தபோது, எதிர்ச்சுவரில் சாய்ந்து இருவர் நின்றிருந்தார்கள்.

"ரெண்டாவது பாட்டு நல்லா இருந்துச்சு" என்றான் சைலஸ். "அர்த்தத்தை விடு."

"முதல் பாட்டுல எங்க ராஜா தாவீது எழுதின சங்கீத வரி இருந்துச்சே" என்றார் எலியேசர். "கேக்காமலே எடுத்துக்கிட்டீங்க."

ஆற்றுப் பாலத்தின் மறுமுனை மூடுபனியில் தெரியவில்லை. மூவரும் பேசிக்கொண்டே அதற்குள் நடந்து போனார்கள்.