சூசையம்மாளின் சொந்த ஊர்

ரங்கூனில் தமிழர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி, "எந்த ஊரு?" கன்னியர் மடத்தில் அநாதையாக வளர்ந்த சூசையம்மாளுக்கு ஊர் தெரியாது. தெரியாது என்றால் விடவா செய்கிறார்கள்?

1925இல் அவள் ஹங்கேரிக்காரத் துரை ஒருவரிடம் சமையல்காரி. சாப்பிட உட்கார்ந்தாலே அவர் தன் சிற்றூரைப் பற்றித்தான் பேசுவார்.

ஒரு சாயங்காலம், இடுப்பு ஒடியக் குழாயடியில் நின்றவளிடம் புதிதாகக் குடிவந்தவள் கேட்டாள்: "எந்த ஊருங்க்கா?"

"கிஷ்பட்டக்," என்று துரையின் ஊரை அலுப்போடு சொன்னாள்.

"எப்படி இருக்கும்?"

"சுத்திலும் பிளம் தோப்பு. ஓடையைத் தாண்டினா மாதா கோயில், அப்புறம் கோதுமை வயலு."

"அப்பேர்ப்பட்ட ஊரை விட்டுட்டு ஏங்க்கா வந்தீங்க?"

துரையிடம் அவளும் ஒருமுறை இதையே கேட்டிருக்கிறாள். அவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார்.

சூசையம்மாள் பாதி நிறைந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.