அவன் பெயருக்கு நான் செய்த அர்ச்சனை

அடியார்களே, 2003-ஆம் ஆண்டு கார்த்திகை தீபத்தன்று மாலை என் மனைவி சரோஜா மாடிக்கு விளக்கு வைக்கப் போனாள். திரும்பி வரவில்லை.

வேலைக்காக நாங்கள் வந்து தங்கிய வெளிமாநில ஊரான மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டு மாடியில் சுதாகர் குடியிருந்தான். கரூர்ப் பையன். சாஃப்ட்வேர் கம்பெனியில் இரவு வேலை. கல்லூரிக் காலத்திலேயே அவனுக்கு மனநோய் உண்டு, மாத்திரையால் அடங்கியிருந்தது. மாத்திரை தூக்கம் தருகிறது, வேலை கெடுகிறது என்று நிறுத்திவிட்டான். எங்களுக்கு இதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. அன்று சரோஜா அவன் வாசலில் அகல் ஏற்றுவதைப் பார்த்து, தன்னைக் கொல்ல வருகிறவர்களுக்கு அவள் அடையாளம் வைக்கிறாள் என்று நினைத்தானாம். காய் நறுக்கும் கத்தியால் குத்தினான்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் மூச்சு நின்றிருந்தது. ஆறு அகல்கள் கிடந்தன. நான்கு எரிந்தன. இரண்டில் எண்ணெய் மட்டும் இருந்தது. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் வேலை பார்த்தவன் நான். எதைக் கண்டாலும் எண்ணுவேன். அன்றும் எண்ணினேன்.

என் துக்கத்தைவிடப் பெரிதாக ஒன்று வந்தது. அவனுக்குத் தண்டனை இல்லையாம்! புத்தி சரியில்லாதவனை விசாரிக்க முடியாது, தெளிந்த பிறகுதான் வழக்கு நடக்கும் என்று அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். நீதிமன்ற வாசலில் கான்ஸ்டபிள் ஒருவர் என்னைத் தேற்றுவதாக நினைத்து, "பாகல் ஹை சாப். பாகல் கோ க்யா சஜா?" என்றார். பைத்தியத்துக்கு என்ன தண்டனை என்று கேட்கிறார். எனக்கு அவரையே அடிக்கலாம் போலிருந்தது. நோய்தான் குத்தியது என்கிறார்கள். சரி, மாத்திரையை நிறுத்தியது யார்? அதுவும் நோயா?

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் தெளியவே மாட்டான், தெளியாமலே தப்பித்துவிடுவான் என்ற பயம் என்னை அரித்தது. அப்போதுதான் முருகன் சந்நிதிக்குப் போனேன். எங்கள் வீட்டில் கோயில் காரியமெல்லாம் சரோஜாவின் பொறுப்பு. நான் வாசலில் ஸ்கூட்டரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவன். சீட்டுக் கொடுக்கும் இடத்தில் எழுதியிருந்ததைப் படித்தேன். சத்ரு சம்ஹார அர்ச்சனை. எதிரியை அழிப்பது. எனக்கு வேண்டியது அதுதான்.

குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு, நட்சத்திரம்?" என்றார்.

"சுதாகர். பூரட்டாதி."

நட்சத்திரம் எனக்குத் தெரியும். அவன் அம்மா கேட்டுக்கொண்டதால் சரோஜா மாதந்தோறும் கிருத்திகையன்று அவன் பெயருக்கு அர்ச்சனை செய்வாள். வீட்டுக்கு வந்து விபூதியை மாடிக்கு எடுத்துப் போவாள். அந்தக் கைக்குத்தான் கத்தி!

செவ்வாய் தவறாமல் போனேன். மழையிலும் போனேன். 'அவனை விடாதே முருகா. அவள் பட்டதை அவனும் படவேண்டும்' என்பதே என் வேண்டுதல். வேறு எதையும் கேட்கவில்லை.

ஏறக்குறைய ஒரு வருடம் ஆனபோது குருக்கள் அன்பாகக் கேட்டார்.

"யாரு சார் இந்த சுதாகர்? பேரனா? இப்படி விடாம பண்றேளே."

"பேரனா? என் பொண்டாட்டிய கொன்னவன் சாமி அவன்."

குருக்கள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"சிவ சிவா! அவன் பேரையா சொன்னேள்? யாருக்கு நல்லது நடக்கணுமோ அவா பேரைன்னா சொல்லணும்! அவனோட சத்ருவெல்லாம் நாசமாகணும்னு வேண்டிண்டிருக்கேன் சார் இத்தனை நாளா!"

கோர்ட்டில் குற்றவாளியின் பெயரைத்தானே படிக்கிறார்கள். இங்கும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன்.

"திருப்பி மாத்திப் பண்ண முடியாதா?" என்றேன்.

"ஸ்வாமிகிட்ட வாபஸ் வாங்கறதெல்லாம் கிடையாது சார்."

அன்று சந்நிதியில் நின்று முருகனோடு சண்டை போட்டேன். கிழவன் ஏமாந்தால் நீயும் சேர்ந்து ஏமாற்றுவாயா என்று உரக்கவே கேட்டேன். விபூதி வாங்காமல் வீட்டுக்கு வந்தேன்.

அதே வாரம் அரசு வக்கீல் போன் செய்தார். சுதாகருக்குத் தெளிந்துவிட்டது, டாக்டர்கள் சான்று கொடுத்துவிட்டார்கள், வழக்கு தொடங்குகிறது என்றார். ரிசீவரைப் பிடித்தபடி நின்றேன். குருக்கள் வேண்டியது பலித்துவிட்டது. அவனுடைய சத்ரு எது? அந்த நோய்தான். அது ஒழிந்துவிட்டது. நான் கேட்டதும் அதுவேதான் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

வழக்கு முடிந்தது. குத்திய நேரத்தில் அவனுக்குப் புத்தி இல்லை, ஆகவே குற்றவாளி அல்ல, ஆனால் மருத்துவமனைக் காவலிலேயே இருக்கவேண்டும் என்று தீர்ப்பு. இது நியாயமா என்று கேட்டால் இல்லை என்றுதான் இன்றும் சொல்வேன். கொலைக்குப் பொறுப்பில்லாவிட்டாலும் மாத்திரையை நிறுத்தியதற்குப் பொறுப்பு உண்டு. அதற்குச் சட்டத்தில் ஓர் இடம் வேண்டும்.

தீர்ப்பு நாளில் நீதிமன்ற வராந்தாவில், இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே அவன் என் முன்னால் நின்றான். முன்பு எங்கேயோ பார்க்கிற கண். இப்போது என்னையே பார்த்தது.

"அங்கிள், ஆன்ட்டி ஆறு விளக்கு கொண்டு வந்தாங்க. ரெண்டு ஏத்தவே இல்ல."

நான் எண்ணியதை அவனும் எண்ணி வைத்திருக்கிறான்.

"மாத்திரைய நிறுத்தினது நான்தான் அங்கிள். நிறுத்தறப்ப எனக்குப் புத்தி நல்லாத்தான் இருந்துச்சு. ஜெயிலுக்கு அனுப்புங்கன்னு ஜட்ஜ்கிட்ட சொன்னேன். கேக்கல. கண்ண மூடினா அந்த விளக்குதான் வருது."

"வரட்டும். நல்லா ஞாபகம் வெச்சுக்கோ" என்றேன்.

போலீஸ்காரர் "சலோ, சலோ" என்று இழுத்துப் போனார். அன்று மதியம் சரோஜா போனபிறகு முதல்முறையாக வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

எந்த ஜெயில் கம்பியும் அவனை இப்படிப் பிடித்திருக்காது. தூக்கில் போட்டால் ஒரு நிமிடத்தில் மறந்திருப்பான். புத்தி கெட்டே கிடந்தால் என்ன செய்தோம் என்றே அறிந்திருக்கமாட்டான். அவனுக்குப் புத்தியைக் கொடுத்து, அதிலேயே பூட்டிவிட்டான் என் முருகன். நன்றி ஐயனே!

அவனை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். மன்னிக்கவில்லை. ஆனால் பகலெல்லாம் பொருமிக்கொண்டிருந்த அந்தக் கிழவன் இப்போது இல்லை. கோயிலுக்குள் வராமல் ஸ்கூட்டர் பார்த்தவனும் இல்லை. உங்கள் மனத்திலும் சொல்லக் கூசுகிற ஒன்று இருந்தால், அதை அப்படியே முருகன் சந்நிதிக்கு எடுத்துப் போங்கள். நாம் தப்பாகக் கேட்டாலும் அவன் சரியாகக் கொடுப்பான்.

செவ்வாய்தோறும் இப்போதும் போகிறேன். "பேரு?" என்று குருக்கள் கேட்பதில்லை, அவருக்கே தெரியும். சுதாகர், பூரட்டாதி. அவன் நோயில்லாமல் நீண்ட காலம் இருக்கவேண்டும். ஒரு விளக்கைக்கூட மறக்கக் கூடாது.