படித்திறன் ஆறா, மூன்றா?

முனவ்வறா ரீச்சர் வரலாற்றுப் பட்டதாரி. புத்தளத்து அகதி முகாமில் பிறந்து வளர்ந்து, குடும்பத்தோடு முல்லைத்தீவுக்குத் திரும்பிய பிறகு எங்கள் பள்ளிக்கூடத்துக்கு நியமனம் பெற்று வந்தவர். வந்த அன்றே அதிபர் அவர் கையில் பதினொன்றாம் தரக் கணிதப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டார். கணித ஆசிரியர் மாற்றலாகிப் போனபின் பதிலுக்கு ஒருவரும் வரவில்லை. வரலாறு படித்தவருக்கு வருடங்களைக் கூட்டிக் கழிக்கத் தெரியும்தானே என்பது அதிபரின் கணக்கு. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நான் தமிழ் படிப்பிக்கிறவள். எங்கள் இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே ஓர் அரைச்சுவர்தான். கேள்வி கேட்க ஒரு பிள்ளை எழும்பினாலே முனவ்வறாவின் குரல் உள்ளே போய்விடும். வருடக் கடைசியில் அந்தத் தரத்துக்கு அரசாங்கப் பரீட்சை.

"என்னால இந்தப் பிள்ளையள் சோதினையில பெயிலாகினா அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய்க் கழுவுறது அக்கா?" என்பார்.

நேர்கோட்டுச் சமன்பாடு வந்தது. y = mx + c. இதில் m படித்திறன், அதாவது கோட்டின் சாய்வு; c வெட்டுத்துண்டு, கோடு y அச்சை வெட்டும் இடம். "x இன்ர முன்னால நிக்கிறதுதான் படித்திறன். யோசிக்கவே தேவையில்லை" என்று அவர் சொன்னது என் வகுப்புக்கும் கேட்டது. அந்தக் கிழமை முழுக்க ஆள் சிரித்த முகமாகத் திரிந்தார்.

அடுத்த கிழமை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து கணித ஆலோசகர் அப்புத்துரை சேர் பாடம் பார்க்க வந்து கடைசி வாங்கில் அமர்ந்தார். ரீச்சர் பலகையில் 2y = 6x + 4 என்று எழுதி, "படித்திறன் ஆறு" என்றார். ஜெயரூபினி என்ற மாணவி எழும்பினாள்.

"ரீச்சர், நான் வரைஞ்சு பாத்தனான். x ஒண்டு கூட, y மூண்டுதான் கூடுது. ஆறு வரேல்லை."

வெண்கட்டி விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஆலோசகரின் முன்னால் மானம் போகப் போகிறதே என்று நான் அரைச்சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

"y தனிய நிக்கோணும்" என்றார் ரீச்சர். "ரெண்டால பிரிச்சா y = 3x + 2. படித்திறன் மூண்டு. போன கிழமை நான் பிழையாச் சொல்லிப்போட்டன். எல்லாரும் வெட்டிப்போட்டுத் திருப்பி எழுதுங்கோ."

பாடம் முடிந்ததும் முனவ்வறா விறாந்தையில் ஆலோசகரை மறித்தார்; நானும் பக்கத்தில் நின்றேன். "சேர், இன்னும் எங்கயெங்க பிழை விட்டனோ தெரியேல்லை. பிள்ளையளின்ர கொப்பியளை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ."

சேர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ரீச்சர், நான் சங்கீத வாத்தி. கணிதத்துக்கு ஆள் இல்லையெண்டு என்னைப் பதிலுக்குப் போட்டிருக்கினம். அந்தப் பிள்ளை எழும்பினவுடன, நீங்கள் என்னட்டைக் கேட்டிடுவீங்களோ எண்டு எனக்கு வேர்த்துப்போச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முனவ்வறா சிரிக்கவில்லை. என் கையை இறுகப் பிடித்தார்.

"இண்டைக்கு ஜெயரூபினி கண்டுபிடிச்சிட்டாள். அவளுக்கும் பிடிபடாத பிழையளை ஆர் அக்கா கண்டுபிடிக்கிறது?"

நான் அவர் கையிலிருந்த வெண்கட்டித் தூளைத் தட்டிவிட்டேன்.

"சோதினைத் தாள் திருத்திறவைதான், என்ன?" என்றார் முனவ்வறா, தானாகவே.