கசக்காத மருந்து

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள். இது கதையல்ல. பட்டப்பகலில், கார் ஓட்டக் கற்றுத் தரும் ஒரு பெண்ணுக்கு நடந்தது. அவளே என்னிடம் சொன்னது.

அவளுடைய அம்மாவுக்கு எலும்பில் புற்றுநோய். கடைசி இரண்டு மாதம் பேச்சும் நின்றுவிட்டது. வலி வந்தால் கரண்டியால் டம்ளரைத் தட்டுவாள். உடனே இவளுடைய தம்பி ஓடிவந்து வலி மருந்தை ஊற்றிக் கொடுப்பான். வேலை வெட்டி இல்லாத முப்பத்து நாலு வயதுத் தடியன். “பிள்ளைன்னா இப்படி இருக்கணும்” என்று பார்க்க வந்தவர்கள் உருகினார்கள். டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போனார். தட்டும் சத்தம் மட்டும் ஓயவில்லை. உயிர் போகிறவரை.

பதினெட்டு நாள் கழித்து, மிச்ச மருந்தை ஆஸ்பத்திரியில் திருப்பிக் கொடுப்பதற்காக எடுத்துப் போக அம்மா வீட்டுக்கு வந்தாள். மணி 2.40. பாட்டில் மூடி கசிந்து விரல் நனைந்தது. நிறமே இல்லை. நாக்கில் வைத்துப் பார்த்தாள். குமட்டுகிற அளவுக்குக் கசக்க வேண்டிய மருந்து...

வெறும் தண்ணீர்.

ஹால் சோபாவில் தம்பி வியர்த்துச் சுருண்டு கிடந்தான்.

“போதைக்காக மருந்தைக் குடிச்சுட்டுத் தண்ணிய ஊத்தி வச்சது நீதானா?”

“கொஞ்சம்தான்க்கா... எப்படியும் போகப் போற உசுருதானே?”

காறித் துப்பலாம் என்று வந்தது அவளுக்கு. இவனுக்கு அந்த எச்சிலும் தண்டம் என்று விழுங்கிக்கொண்டாள்.

“இப்ப எதைப் போட்டாலும் ஏற மாட்டேங்குதுக்கா. வலிக்குது... இடுப்பு எலும்பு நொறுங்குற மாதிரி.”

நடிப்பு. இந்த ஜென்மத்தின் நாடகத்தைப் பதினைந்து வருடமாகப் பார்த்துச் சலித்தவள் அவள்.

மணி 2.52.

டிங்.

அம்மாவின் அறையிலிருந்து. பூட்டிய அறை. சாவி இவள் கையில்.

டிங்... டிங்...

தம்பி எதிரில்தான் கிடந்தான். வீட்டில் வேறு யாருமில்லை.

திறந்தாள். அறை காலி. கட்டிலைக்கூட போன வாரமே அப்புறப்படுத்தியாகிவிட்டது. டம்ளர் இல்லை. கரண்டி இல்லை.

சத்தம் மட்டும் இருந்தது. கட்டில் உயரத்தில்.

டிங்.

பின்னால் தம்பி அலறினான்.

அன்றே அவனைப் போதை மறுவாழ்வு மையத்தில் தள்ளிவிட்டு வந்தாள். பாசமெல்லாம் இல்லை. வீட்டைப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான்.

ஐந்தாம் நாள் காலை 9.15-க்கு அங்கிருந்து நர்ஸ் கூப்பிட்டாள்.

“உங்க தம்பிக்கு எந்த வலி ஊசியும் கேக்க மாட்டேங்குதுங்க... அப்புறம், பாப்பாங்கிறது யாரு?”

இவளை அப்படிக் கூப்பிட்டது உலகத்திலேயே ஒரே ஒரு ஆள்.

“ஏன் கேக்கறீங்க?”

“தூக்கத்துல வயசான பொம்பளைக் குரல்ல பேசறாருங்க. தினமும் அதே பேச்சு...

‘பாப்பா... அவன் குடுக்கறது வெறும் தண்ணிடி.’”